மைனஸ் எண்பது

பஹாஹீலில் வெளியே ஐம்பது டிகிரி.
பெட்டிக்குள் மைனஸ் எண்பது.
இரண்டுக்கும் நடுவில் ஒரு ரப்பர் பட்டை,
அப்புறம் நான்.

சுண்டுவிரல் நீளக் குழாய்களில்
தொப்புள்கொடி ரத்தம்.
மூடியில் பெயர் கிடையாது, எண் மட்டும்.
417 எப்சிபாவின் பிள்ளை என்று
எனக்குத் தெரியக் கூடாது.
தெரியும்.

ஏழு மாத வயிற்றோடு அவள் வந்த அன்று புழுதிக்காற்று.
இமையில் மண் ஒட்டியிருக்க
குளுக்கோஸ் தண்ணியை ஒரே மடக்கில் இறக்கிவிட்டு
"ஒரு எலுமிச்சம்பழம் பிழிஞ்சிருக்கலாம்" என்றாள்.
இரண்டு மணி நேரம் கழித்து வந்த எண்
நல்ல எண் இல்லை.

முப்பத்தெட்டுப் பக்கக் கேள்வித்தாள்.
படித்துப் படித்துத் தமிழில் கேட்பேன்.
நாளைக்கு எத்தனை கரண்டி சர்க்கரை?
எந்தக் கரண்டி, என்றாள்.
வெயிலில் எவ்வளவு நேரம்?
இந்த ஊர்லயா, என்றாள்.
ஆறாம் மாடி. ஜன்னல் முழுக்க வெள்ளித்தாள்.
லிஃப்ட் ஓடுகிற நாளில் ஓடும்.
சூரியன் கொட்டிக் கிடக்கிற தேசத்தில்
இவள் எலும்புக்குச் சூரியன் போதவில்லை என்று
சீட்டு வந்தது.
இரண்டு பேரும் சிரித்தோம்.
கொஞ்ச நேரம்தான்.

டாக்டர் முனீரா அதிகம் பேசமாட்டார்.
அவர் அப்பாவின் இடதுகாலை எடுத்த வருடம்
இந்தப் பெட்டிகளுக்காக
அமைச்சகத்தின் படிகளில் ஏறியிறங்கினாராம்.
ஒருமுறை மட்டும் சொன்னார்:
முத்துக்கு விலை விழுந்த காலம்.
பேரீச்சம்பழமும் தண்ணீருமாக
அப்பாவைச் சுமந்தாள் அவர் தாய்.
பஞ்சத்துக்குத் தயாராகப் பிறந்த உடம்பு அது.
வந்ததோ எண்ணெய்.
வந்ததோ நெய்ச்சோறு.
"இது என் ஊகம். ஊகத்தை நம்பாதே,
குழாய்களைச் சரியாக அடுக்கு."

கடைசிப் பக்கத்தில்தான் பெரிய கேள்வி.
பிள்ளைக்கு முப்பது வயதாகும்வரை
வருடம் ஒருமுறை வரச் சம்மதமா?
எப்சிபா பேனாவைச் சுழற்றினாள்.
"அவங்க அக்காமா மார்ச்சு வரைக்கும்தான், அக்கா."
என்னுடையது அக்டோபர்வரை.
நான் அதைச் சொல்லவில்லை.
அவள் கையெழுத்துப் போட்டாள்,
வாடகை ரசீதில் போடுவதுபோல, வேகமாக.

பிள்ளை பிறந்தான். மூன்று கிலோ தொள்ளாயிரம்.
அளவு நாடாவை அவன் தலையில் சுற்றியபோது
என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டான்.
அந்த வாசிப்பு மட்டும்
அரை சென்டிமீட்டர் தப்பாக இருக்கலாம்.

மார்ச் வந்தது. கிரேன் கம்பெனி
யாரையும் வைத்துக்கொள்ளவில்லை.
திரையில் 417 சிவப்பானது:
தொடர்பில் இல்லை.
அந்த வருடம் மட்டும் நூற்றுப் பன்னிரண்டு சிவப்பு.
அறிக்கை எழுதுகிறவர்கள் இதற்கு இழப்பு என்பார்கள்.
வழியனுப்பப் போன எங்களுக்கு வேறு சொல் இருந்தது.

ஆகஸ்டில் வள்ளியூரிலிருந்து ஒரு குரல்செய்தி.
"அக்கா, நேத்து இவனுக்கு ஒரு வயசு.
ரேஷன் கடைத் தராசுல
அரிசிச் சாக்கை எறக்கிட்டு இவனை ஏத்தினோம்.
ஒம்பது கிலோ எழுநூறு. குறிச்சுக்கோங்க.
எனக்கும் பாத்தேன், சீனி கொறஞ்சிருக்கு.
டீயில போடுறதில்ல. வாந்தி வருது, ஆனா குடிக்கிறேன்."

தராசு சரிபார்க்கப்படாதது.
அந்த எண் எந்தக் கட்டத்திலும் ஏறாது.
டாக்டர் முனீராவிடம் காட்டினேன்.
மூன்று முறை கேட்கச் சொன்னார், மொழி தெரியாமலே.
பிறகு கேட்டார்:
"பையன் செருப்புப் போட்டிருந்தானா?"
பென்சிலால் ஓரத்தில் எழுதிவைத்தேன்.

அன்று ராத்திரி கரண்ட் போனது.
அலாரம் அலறிற்று. ஜெனரேட்டர் வர
பதினோரு விநாடி.
அப்பனுக்கு விசா முடிந்தது. அம்மாவும் போய்ச் சேர்ந்தாள்.
அவன் அங்கே நடக்கப் பழகுகிறான்.
அவனுடைய இத்துணூண்டு ரத்தம் மட்டும்
யார் ஸ்பான்சரும் இல்லாமல்
இந்த நாட்டில் தங்கியிருக்கிறது.

இருட்டில் ரப்பர் பட்டையின் மேல்
உள்ளங்கையை ஓட்டிப் பார்த்தேன், விளிம்பு விளிம்பாக.
எங்கேயும் குளிர் கசியவில்லை.